எட்டிப் பிடித்தல்

முன்னே செல்வது ஒன்று. பின்னே வருவது மற்றொன்று. பின்னே வருவது முன்னே செல்வதை எப்பொழுது எட்டும்? எவ்விடத்தில் எட்டும்? ஒருகால் எட்டாமலே போகுமோ? இவ்வினாக்கள் இயற்பியல் நூலில் மட்டும் எழுவன அல்ல. கட்டவிழ்த்து ஓடும் கன்றைத் துரத்தும் சிறுவன் மனத்தில் இவை எழுகின்றன. புறப்பட்டுவிட்ட பேருந்தை நோக்கி ஓடுபவன் மனத்தில் எழுகின்றன. வானில் கதிரவனை நெருங்கும் திங்களை இரவெல்லாம் விழித்திருந்து நோக்கிய பண்டை வானநூலார் மனத்திலும் எழுந்தவை இவையே. வினா மிகப் பழையது. எளியது போலத் தோன்றுவது. ஆயினும் தேர்வு எழுதும் மாணவரை மயங்க வைப்பது. அம்மயக்கம் எதனால் வருகின்றது, எவ்வாறு தெளிகின்றது என்பதை மூலனூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் நிகழ்ந்த உரையாடல் நன்கு விளக்கும்.

மூலனூர் கொங்கு நாட்டில், தாராபுரம் வட்டத்தில் உள்ளதொரு பேரூர். 2009ஆம் ஆண்டில் திருப்பூரைத் தலைநகராகக் கொண்டு புதிய மாவட்டம் அமைந்தபொழுது அவ்வூரும் அதனுள் அடங்கிற்று. மழை குறைந்த மண். வானத்தை நம்பிய வேளாண்மை. இடையிடையே முருங்கை தழைத்து நிற்கும் தோட்டங்கள். அங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பருத்தி ஏலம் நடைபெறும் நாள்களில் அண்டை மாவட்டத்து உழவர்களும் பருத்தி மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்குவர். வணிகர் திரண்டு விலை கூறுவர். பருத்தி பஞ்சாகி, பஞ்சு நூலாகி, நூல் பின்னலாடையாகித் திருப்பூரிலிருந்து கடல் கடந்து செல்வதற்கு முன்னர், இத்தகைய ஊர்ச் சாலைகளிலேதான் தன் முதற்பயணத்தைத் தொடங்குகின்றது. தாராபுரத்திலிருந்து கரூருக்குச் செல்லும் நெடுஞ்சாலை மூலனூர் வழியே செல்வது. லாரியும் பேருந்தும் டிராக்டரும் இருசக்கர வண்டியும் அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். வேகத்தால் ஒன்றோடொன்று ஒவ்வாத வண்டிகள் ஒரே சாலையில் ஓடுமிடத்தில், ஒன்றையொன்று எட்டுவதும் முந்துவதும் நாள்தோறும் நிகழ்வனவே அன்றோ?

அச்சாலையை நோக்கிய வீடு ஒன்றில், மேல்நிலை முதலாண்டு பயிலும் மாணவன் ஒருவன் தாய்வழிப் பாட்டனாருடன் தங்கிப் படித்து வந்தான். கொங்கு நாட்டு வழக்கப்படி அவரை அவன் ‘அப்புச்சி’ என்று அழைப்பான். அப்புச்சி முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர். பள்ளிப் படிப்பை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டவர். ஆயினும், கற்றவர் ஏட்டைப் படிப்பதுபோலச் சாலையைப் படிக்க வல்லவர். எதிரே எழும் புழுதியைக் கண்டே வருவது இன்ன வண்டி என்று கூறுவார்.

ஒரு நாள் மாலை மாணவன் திண்ணையில் அமர்ந்து, பள்ளியில் ஆசிரியர் கொடுத்த கணக்கொன்றோடு போராடிக்கொண்டிருந்தான். “காலை 6 மணிக்கு ஒரு லாரி மூலனூரிலிருந்து கரூரை நோக்கி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. 6.15 மணிக்கு ஒரு கார் அதே இடத்திலிருந்து அதே வழியில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. கார் லாரியை எப்பொழுது, எவ்விடத்தில் எட்டும்?” என்பது கணக்கு. மாணவன் தான் மனப்பாடம் செய்திருந்த வாய்பாடுகளையெல்லாம் தாளின் ஓரத்தில் வரிசையாக எழுதினான். 60ஐ 40ஆல் வகுத்தான், வந்ததைப் 15ஆல் பெருக்கினான், விடைப்பகுதியைத் திருப்பிப் பார்த்தான், பொருந்தவில்லை. மீண்டும் அடித்து எழுதினான். எண்கள் பெருகினவேயன்றித் தெளிவு பிறக்கவில்லை.

இதனைக் கண்ட அப்புச்சி, “கணக்கைக் கொஞ்சம் வாய்விட்டுப் படி, கண்ணு” என்றார். அவன் படித்தான்.

“கார் புறப்படுகிற நேரத்தில் லாரி எங்கே இருக்கும்?”

மாணவன் சற்றே எண்ணினான். “கால் மணி நேரத்தில் 10 கிலோமீட்டர் போயிருக்கும், அப்புச்சி.”

“சரி. இப்பொழுது நீ காரையும் விட்டுவிடு, சாலையையும் விட்டுவிடு. அந்த லாரியில் பருத்தி மூட்டைமேல் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறாய் என்று வைத்துக்கொள். கார் உன்னை நோக்கி எவ்வளவு வேகத்தில் வருவதாகத் தெரியும்?”

“60 கிலோமீட்டர்...” என்று தொடங்கிய மாணவன் நிறுத்தினான். அவன் கண்முன்னே லாரி ஓடியது. அதன்மேல் அவன் அமர்ந்திருந்தான். பின்னே கார் மெல்ல மெல்லப் பெரிதாகி வந்தது. “இல்லை, அப்புச்சி. நானும் 40 கிலோமீட்டர் வேகத்தில் விலகிப் போய்க்கொண்டிருக்கிறேனே! மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில்தான் அது என்னை நெருங்கும்.”

“பத்துக் கிலோமீட்டரை அந்த வேகத்தில் கடக்க எவ்வளவு நேரம்?”

“அரை மணி நேரம். 6.45க்கு எட்டிவிடும். அதுவரை லாரி முக்கால் மணி நேரம் ஓடியிருக்கும். ஆகவே, மூலனூரிலிருந்து 30 கிலோமீட்டரில்!” என்று கூவிய மாணவன், காரின் வழியையும் சரிபார்த்தான். அரை மணி நேரத்தில் 60இல் பாதி 30. இரண்டும் ஒத்தன.

இக்கணக்கின் உயிர்நிலை எதுவென்பது இதனால் புலனாகும். காரின் வேகம் 60 என்பதோ, லாரியின் வேகம் 40 என்பதோ தனித்து நின்று விடை தருவதில்லை. இரண்டிற்கும் இடையே உள்ள 20 என்னும் வேறுபாடே விடையைத் தருகின்றது. இயற்பியலார் இதனைச் ‘சார்புத் திசைவேகம்’ என்பர். சார்தலாவது ஒன்றை அடுத்து நிற்றல். ஓடும் வண்டி ஒன்றைச் சார்ந்து நின்று, மற்றொன்றின் ஓட்டத்தை அளப்பதே சார்புத் திசைவேகம். தரையில் நின்று நோக்கின் இரண்டு வண்டிகள் ஓடுகின்றன; கணக்குச் சிக்கலாகின்றது. முன்வண்டியில் அமர்ந்து நோக்கின் ஒரே வண்டிதான் ஓடுகின்றது, சிக்கல் அவிழ்கின்றது. நிற்கும் இடத்தை மாற்றிக்கொண்டால் அரிய கணக்கும் எளிதாதலை மாணவர் இங்கே காணலாம்.

இவ்வழி இன்று நேற்றுக் கண்டதன்று. 499ஆம் ஆண்டை ஒட்டி ஆரியபட்டர் வடமொழியில் இயற்றிய ஆரியபட்டீயம் என்னும் நூலின் கணிதப் பகுதியில் இதற்கு விதி உண்டு. இரண்டு பொருள்கள் ஒரே திசையில் செல்லுமாயின் இடைத்தொலைவை வேகங்களின் வேறுபாட்டால் வகுக்க வேண்டும். எதிரெதிரே வருமாயின் வேகங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். வருவது அவை கூடும் காலம் என்பது அவ்விதியின் கருத்து. அவர் கருதியது வண்டிகளை அன்று, வானத்துக் கோள்களை. திங்கள் நாளொன்றுக்கு விண்மீன்களிடையே ஏறத்தாழ 13.2 பாகை நகர்கின்றது; கதிரவனோ ஏறத்தாழ 1 பாகையே நகர்வதாகத் தோன்றுகின்றது. வேறுபாடு 12.2 பாகை. கதிரவனை விட்டு நீங்கிய திங்கள் 360 பாகையும் சுற்றி வந்து மீண்டும் அதனை எட்ட எத்தனை நாள் ஆகும்? 360ஐ 12.2ஆல் வகுத்தால் ஏறத்தாழ 29.5 நாள் என வருகின்றது. அதுவே ஓர் அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் இடைப்பட்ட காலம். அமாவாசை என்னும் வடசொல்லுக்கு ‘உடன் உறைதல்’ என்பதே பொருள். திங்கள் கதிரவனை எட்டிப் பிடித்து உடன் உறையும் நாள் அது. கதிரவனைவிட 12 பாகை முந்தும் ஒவ்வொரு முறையும் ஒரு திதி கழிகின்றது. ஆகவே, வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியே எட்டிப் பிடித்தல் கணக்கின் விடைத்தாளாக விளங்குகின்றது எனலாம்.

ஐரோப்பாவிலும் இவ்வகைக் கணக்கு வழங்கியது. 804இல் மறைந்த ஆல்குயின் என்னும் அறிஞர் பெயரால் வழங்கும் கணக்குத் தொகுதியில் நாயொன்று முயலைத் துரத்துகின்றது. இடைத்தொலைவு 150 அடி. நாய் ஒரு பாய்ச்சலில் 9 அடி கடக்க, முயல் 7 அடி கடக்கின்றது. பாய்ச்சலுக்கு 2 அடி இடைவெளி குறைய, 75 பாய்ச்சலில் நாய் முயலை எட்டுகின்றது. 1881ஆம் ஆண்டில் பெஷாவரை அடுத்த பக்சாலி என்னும் சிற்றூரில் மண்ணைத் தோண்டியபொழுது கிடைத்த மரப்பட்டைச் சுவடியிலோ, இதனினும் ஒரு படி மேற்சென்ற கணக்குகள் உள்ளன. ஒருவன் நாள்தோறும் ஒரே அளவு நடக்கின்றான். மற்றொருவன் நாளுக்கு நாள் நடையைக் கூட்டிக்கொண்டே செல்கின்றான். இருவரும் எந்நாளில் ஒத்த தொலைவை அடைவர் என்று அச்சுவடி வினவுகின்றது. மாணவன் அடுத்துச் சந்தித்த கணக்கும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

“ஒரு லாரி விநாடிக்கு 10 மீட்டர் என்னும் மாறா வேகத்தில் பேருந்து நிறுத்தத்தைக் கடக்கின்றது. அதே நொடியில், அங்கே நின்றிருந்த பேருந்து புறப்பட்டு, ஒவ்வொரு விநாடியும் தன் வேகத்தை விநாடிக்கு 1 மீட்டர் வீதம் கூட்டிக்கொண்டே செல்கின்றது. பேருந்து லாரியை எப்பொழுது எட்டும்?” மாணவன் இம்முறை தயங்கவில்லை. “பத்தாவது விநாடியில் பேருந்தின் வேகமும் 10 மீட்டர் ஆகிவிடும். வேகம் சமமானதும் பிடித்துவிடும். பத்து விநாடி!” என்றான்.

அப்புச்சி சிரித்தார். “அந்த லாரியின் வேகம் அப்பொழுதுதான் பேருந்துக்கு வந்திருக்கிறது. அதுவரை லாரி உனக்காகச் சாலையில் காத்துக்கொண்டா நிற்கும்?” என்றார்.

மாணவன் நாணிப் பென்சிலை எடுத்தான். 10 விநாடியில் லாரி சென்ற தொலைவு 100 மீட்டர். பேருந்தோ சுழியிலிருந்து 10 வரை வேகத்தை ஏற்றிக்கொண்டு வந்ததாதலின், அதன் சராசரி வேகம் 5; சென்ற தொலைவு 50 மீட்டர். வேகம் ஒத்த அந்நொடியில் பேருந்து லாரியைப் பிடிக்கவில்லை. அதற்கு மாறாக, இடைவெளி எப்பொழுதையும்விட மிகுந்து 50 மீட்டராக நின்றது. அதுகாறும் லாரியே விரைந்தது, இடைவெளி வளர்ந்தது. அதன்பின் பேருந்தே விரைந்தது, இடைவெளி சுருங்கியது. வளர்வதற்கு 10 விநாடி ஆயிற்று. சுருங்குவதற்கும் 10 விநாடி வேண்டும். இருபதாவது விநாடியில் லாரி 200 மீட்டர் சென்றிருக்கும். பேருந்து, சராசரி 10 மீட்டராக, அதுவும் 200 மீட்டர் சென்றிருக்கும். அங்கேதான் எட்டும்.

வேகம் ஒத்தல் வேறு. இடம் ஒத்தல் வேறு. இவ்வேற்றுமையை உணராமையே இவ்வகைக் கணக்கில் மாணவர் பலர் செய்யும் பிழைக்கு வேர். இங்கே மற்றோர் உண்மையும் உண்டு. நின்ற நிலையிலிருந்து சீராக வேகத்தைக் கூட்டிவரும் வண்டியின் சராசரி வேகம் அதன் இறுதி வேகத்தில் பாதி. எட்டும் நொடியில் இரு வண்டிகளின் சராசரியும் ஒத்திருத்தல் வேண்டுமாதலின், அந்நொடியில் பேருந்தின் வேகம் லாரியின் வேகத்தைப்போல் இருமடங்காகவே இருக்கும். இங்கே அது விநாடிக்கு 20 மீட்டர். அஃதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். கணக்கில் லாரியின் வேகம் 15 மீட்டர் என்றிருப்பின், பேருந்து 30 மீட்டர், அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தை அடைந்தாக வேண்டும். ஊர்தோறும் நின்று செல்லும் பேருந்து அவ்வாறு பறக்குமா? பறவாது. ஆகவே, விடையைக் கண்டதோடு பணி முடிந்துவிடுவதில்லை. கண்ட விடையைக் கையிலேந்திச் சாலைக்குச் சென்று, ‘இது நிகழுமா?’ என்று வினவுதலும் இயற்பியலின் பாற்பட்டதே.

மூன்றாவது கணக்கு மாணவனுக்கு மிக நெருங்கியது. காலைதோறும் அவன் காணும் காட்சி. நின்ற பேருந்து, விநாடிக்கு விநாடி 1 மீட்டர் வேகம் கூடுமாறு புறப்படுகின்றது. அந்நொடியில் அதன் பின்னே சற்றுத் தொலைவில் ஒரு மாணவன் விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடிவருகின்றான். அவன் அதனை எட்டுவானா?

தொலைவு 16 மீட்டராயின், நான்காம் விநாடியில் எட்டுவான். அவன் 24 மீட்டர் ஓடியிருப்பான். பேருந்து 8 மீட்டர் நகர்ந்திருக்கும். 16உம் 8உம் 24. ஆனால் சமன்பாடு மற்றொரு விடையும் தருகின்றது: 8 விநாடி. மாணவன் அதனைப் பொருளற்றதென்று அடித்துவிட முனைந்தான். பின்னர் எண்ணிப் பார்த்தான். ஓடுபவன் ஏறாமல் பேருந்தைக் கடந்து ஓடிக்கொண்டே இருந்தால், வேகம் கூடிவரும் பேருந்து அவனை மீண்டும் பிடித்து முந்தும் நேரமன்றோ எட்டாம் விநாடி? விடை இரண்டும் மெய்யே. வினாவுக்கு உரியது முதலாவது. தொலைவு 18 மீட்டராயின் விடை ஒன்றே. ஆறாம் விநாடியில் இருவர் வேகமும் ஒத்திருக்க, அவன் பேருந்தைத் தொடுவான். மறுநொடியே அது விலகும். தொலைவு 20 மீட்டராயின், சமன்பாட்டில் எதிர்ம எண்ணுக்கு வர்க்கமூலம் காண வேண்டி வருகின்றது. மெய்யெண்களில் அதற்கு விடை இல்லை. ஆறாம் விநாடியில் இடைவெளி 2 மீட்டராகக் குறையும், அதற்குமேல் குறையாது, பின்னர்ப் பெருகிக்கொண்டே போகும். அவன் ஒருபொழுதும் எட்டான்.

“இரண்டே மீட்டர்! கையை நீட்டினால் எட்டிவிடும்போல் இருக்கும். ஆனால் எட்டாது” என்று மாணவன் வியந்தான்.

“அந்த இரண்டு மீட்டரை நம்பிப் பாய்ந்து படியைப் பிடிப்பவன்தான் கீழே விழுகிறான். அடுத்த பேருந்து வரும், போன கால் வராது, கண்ணு” என்றார் அப்புச்சி. சமன்பாடு ‘விடை இல்லை’ என்று கூறுவதும் ஒரு விடையே. அதனைக் கேட்டு நின்றுவிடுதல் தோல்வியன்று, அறிவு.

அன்றிரவு மாணவனுக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. அப்புச்சி அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. நாற்பது ஆண்டுகளுக்குமுன் ஒரு நாள் அவர் சரக்கு லாரி ஓட்டிக் கரூருக்குச் சென்றுகொண்டிருந்தார். முன்னே மற்றொரு லாரி ஆமைபோல் ஊர்ந்தது. அதனை முந்துவதற்காக வலப்பக்கம் திருப்பியபொழுது, தொலைவில் மேட்டின் முகட்டில் ஒரு பேருந்து தலைகாட்டியது. பின்வாங்கவில்லை அவர். முந்தி முடித்து, வண்டியை இடப்பக்கம் வெட்டித் திருப்பிய மறுநொடியே பேருந்து காற்றாய்க் கடந்து சென்றது. “என் கை அன்று இந்தக் கைதான்!” என்று வலக்கையை உயர்த்திக் காட்டிக் கதையை முடிப்பார். திண்ணையில் கூடியிருப்போர் வியந்து தலையசைப்பர்.

“அப்புச்சி, அதையும் கணக்காகப் போட்டுப் பார்க்கலாமா?” என்று மாணவன் கேட்டான். அப்புச்சி மகிழ்ந்து இசைந்தார். தம் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர், முன்சென்ற லாரியின் வேகம் 45, எதிரே வந்த பேருந்தின் வேகமும் 60 இருக்கும் என்று கூறினார். மறுநாள் காலையில் இருவரும் அவ்விடத்திற்குச் சென்றனர். தாம் வலப்பக்கம் திருப்பிய சிறு பாலத்தையும், பேருந்து தோன்றிய மேட்டையும் அவர் காட்டினார். சாலையோரத்தில் 200 மீட்டருக்கு ஒன்றாக நட்ட கற்களை மாணவன் எண்ணினான். பாலத்தருகே ஒன்று, இடையே ஒன்று, முகட்டில் ஒன்று. தொலைவு 400 மீட்டர்.

வீடு திரும்பி அவன் கணக்கிட்டான். ஒவ்வொரு லாரியின் நீளமும் 10 மீட்டர். முந்தத் தொடங்கும்பொழுது முன்லாரிக்குப் பின்னே 20 மீட்டர் இடைவெளி. முந்தி முடிந்து இடப்பக்கம் திரும்புகையில் அதற்கு முன்னே 20 மீட்டர் இடைவெளி. ஆகவே, முன்லாரியைச் சார்ந்து கடக்க வேண்டிய தொலைவு 20, 10, 10, 20 எனக் கூடி 60 மீட்டர். வேக வேறுபாடு மணிக்கு 15 கிலோமீட்டரே. அவ்வேகத்தில் 60 மீட்டரைக் கடக்க 14.4 விநாடி ஆகும். அந்நேரத்தில் அப்புச்சியின் லாரி சாலையில் 240 மீட்டர் ஓடும். எதிரே வந்த பேருந்தும் 240 மீட்டர் ஓடும். இரண்டும் மோதாமல் இருக்க வேண்டிய சாலை 480 மீட்டர். இருந்ததோ 400.

முந்துதலின் இடர் முழுவதும் இங்கே அடங்கியுள்ளது. முன்னே செல்லும் வண்டியோடு வேகம் கழிகின்றது. எதிரே வரும் வண்டியோடு வேகம் கூடுகின்றது. முந்துவது மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில். எதிர்வண்டி நெருங்குவதோ மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில். ஆரியபட்டர் விதியின் இரு பாதியும் ஒரே நேரத்தில் ஓட்டுநரின் முன்னே வந்து நிற்கின்றன. ஒன்று காலத்தை நீட்டுகின்றது. மற்றொன்று சாலையைத் தின்கின்றது.

மாணவன் தாளை நோக்கியவாறே, “அப்புச்சி, 80 மீட்டர் குறைகிறது” என்று மெல்லக் கூறினான்.

அப்புச்சி முதலில் நம்பவில்லை. “இன்னொரு முறை போட்டுப் பார்” என்றார். அவன் மீண்டும் போட்டான், எண்கள் மாறவில்லை. முதியவர் நெடுநேரம் சாலையை நோக்கியிருந்தார். பின்னர், நினைவின் அடியிலிருந்து எதையோ எடுப்பவர்போல, “இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் வந்தபொழுது ஒரு சத்தம் கேட்டது. அந்த லாரியின் பிரேக்குச் சத்தம். இத்தனை நாளும் அதை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை” என்றார்.

மாணவன் புதிய தாளை எடுத்தான். இரு லாரிகளும் தலைக்குத் தலை ஒத்து வரும்வரை கடந்த சார்புத் தொலைவு 30 மீட்டர். அதற்கு ஆன நேரம் 7.2 விநாடி. அந்நொடியில் மற்ற லாரி தன் வேகத்தை 30 கிலோமீட்டராகக் குறைத்துக்கொண்டதெனக் கொண்டால், வேறுபாடு 15 என்பது 30 ஆகின்றது. எஞ்சிய 30 மீட்டரைக் கடக்க 3.6 விநாடியே போதும். மொத்தம் 10.8 விநாடி. அந்நேரத்தில் அப்புச்சியின் லாரி 180 மீட்டர், பேருந்து 180 மீட்டர்; கூடி 360 மீட்டர். இருந்தது 400.

“அவர் வேகத்தைக் குறைத்திருந்தால் 40 மீட்டர் மிஞ்சுகிறது, அப்புச்சி.”

“அந்த 40 மீட்டரை எனக்குக் கொடுத்தவர் அவர்தான்” என்றார் முதியவர். அவர் குரல் தழுதழுத்தது. “அன்றைக்குக் கரூரில் தேநீர்க் கடையில் அவரும் வந்து வண்டியை நிறுத்தினார். என்னிடம் ஏதோ சொல்ல வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று எண்ணி நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன். பெயர்கூடத் தெரியாது. நாற்பது வருடமாக என் கையைப் புகழ்ந்துகொண்டிருந்தேன்; அவர் காலை நினைக்கவில்லை.”

மாணவன் ஒன்றும் கூறவில்லை. தாத்தாவின் பெருமையைக் குலைத்துவிட்டோமோ என்று அவன் நெஞ்சு துடித்தது. தாளைக் கசக்கப் போனான். அப்புச்சி அவன் கையைப் பற்றித் தடுத்து, அதனை வாங்கி நான்காக மடித்துத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “பிழையான கதையைவிடச் சரியான கணக்கு நல்லது, கண்ணு” என்றார்.

அதன்பின்னும் அவர் அக்கதையைத் திண்ணையில் கூறாமல் இல்லை. கதை முன்போலவே தொடங்கும், பாலம் வரும், மேடு வரும், முகட்டில் பேருந்து தலைகாட்டும். ஆனால் முடிவில் அவர் தம் கையை உயர்த்திக் காட்டுவதில்லை. 480, 400, 360 என்னும் மூன்று எண்களைக் கூறுவார். புதிதாக வண்டி ஓட்டக் கற்கும் இளைஞர் எவரேனும் அங்கிருந்தால், அவரை நோக்கி, “முந்துகிறவனுக்கு வேகம் இருந்தால் போதும் என்று எண்ணாதே. இடம் இருக்கிறதா என்று பார். உன்னை ஒருவன் முந்தும்பொழுது வேகத்தைக் கூட்டாதே, குறை” என்பார்.

எட்டிப் பிடித்தல் கணக்கைத் தேர்வுக்காகப் பயில்வோர் பலர். முதலில் இடைவெளியைக் காண்க. அடுத்து வேக வேறுபாட்டைக் காண்க. வேகம் மாறுமாயின், வேகம் ஒக்கும் நொடியையும் இடம் ஒக்கும் நொடியையும் வேறு வேறாக அறிக. இறுதியில், வந்த விடையை உலகோடு ஒப்பிட்டு நோக்குக. இந்நான்கையும் கைக்கொண்டவர்க்கு அக்கணக்கு எக்காலத்தும் அச்சம் தருவதில்லை. மதிப்பெண்ணும் வரும். ஆயினும் அதன் பயன் அவ்வளவில் முடிவதன்று. விரைந்து செல்பவன் தன் விரைவையே காண்கின்றான். அவன் நலமாகச் சென்று சேர்வதற்கு வேகத்தைக் குறைத்து வழிவிட்டவனைக் காண்பதில்லை. நேர்மையாகப் போட்ட கணக்கு அவனையும் காட்டிவிடுகின்றது.